வெளிச்சம் முதலா, வைரஸ் முதலா? பித்தக்குழாய்ப் புற்றுக்கு ஓர் ஒப்பீடு

சேரன்மகாதேவி மாமாவுக்குப் பித்தக்குழாயில் கட்டி என்று தெரிந்த வாரம், அவர் கட்டிலோரம் உட்கார்ந்து நான் ஒரு கதை அளந்துகொண்டிருந்தேன். ஜப்பானில் ஒரு மருந்து ஏற்றுகிறார்கள் மாமா, அது புற்றுச்செல்லாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் சிவப்பு வெளிச்சம் காட்டினால் ஒட்டின செல் மட்டும் வெடித்துச் சாகும், இப்போது அதோடு ஒரு வைரஸையும் சேர்த்துவிடப் பார்க்கிறார்கள் என்று. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்த மாதிரிக் கதைகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. மாமா முழுசும் கேட்டுவிட்டு, "வெளிச்சம் பட்டாலே செத்துரும்னு சொல்லுதே. பொறவு கிருமி எதுக்கு மருமவனே?" என்றார்.

அந்த நேரத்தில் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். மாமா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வெளிச்சத்தோடு வைரஸைச் சேர்க்க நாலு வழிகளை ஆராய்ச்சியாளர்கள் முயன்றிருக்கிறார்கள் அல்லது முயலலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சிலவற்றில் வைரஸ் உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கூட்டுகிறது. சிலவற்றில் வெளிச்சம் செய்யப்போகிற வேலையையே அதுவும் ஒருதரம் செய்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அலசல்.

நோய் உட்கார்ந்திருக்கும் இடம்

கல்லீரலின் வலப்பக்கத்திலிருந்து ஒரு குழாய், இடப்பக்கத்திலிருந்து ஒரு குழாய். இரண்டும் கவட்டை மாதிரிச் சேர்ந்து ஒரே குழாயாகக் கீழே இறங்கும். மாமாவுக்குக் கட்டி அந்தக் கவட்டையில் இருந்தது. கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1965இல் இந்த வகைக் கட்டிகளைத் தொகுத்து எழுதியதால் டாக்டர்கள் அவர் பெயரிலேயே அதைச் சொல்வார்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே குழாயை அடைத்துவிடும். பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், வலி இருக்காது.

வலி இல்லாததுதான் வினை. மஞ்சள் காமாலை என்றால் நம் பக்கத்தில் கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாப் பத்தியமும்தானே. மாமாவும் மூன்று வாரம் அப்படியே இருந்தார். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாக இறங்கும். பச்சிலைக்குக் கிடைத்த பேரில் பாதி அந்த வகையில் வந்தது. அடைப்பால் வரும் காமாலை அப்படி இறங்காது. உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறம், மலம் சுண்ணாம்பு வெளுப்பு என்று மூன்றும் சேர்ந்தால் பச்சிலைக்காரர் வீட்டைத் தாண்டி ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இந்தக் கட்டிக்கு இரண்டு குணங்கள் உண்டு. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. ஒன்று, கட்டி குழாய்க்குள் இருக்கிறது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, குடலில் பித்தம் திறக்கும் வாசல் வழியாக மெல்லிய கம்பியை ஏற்றி, அதன் மேல் ஸ்டென்ட் என்ற சின்னக் குழலைத் தள்ளுவார்கள். ஈ.ஆர்.சி.பி. என்று ஆஸ்பத்திரியில் சொல்கிற வேலை இதுதான். ஸ்டென்ட் போகிற வழியில் ஒளியிழையும் போகும். அதாவது வயிற்றைத் திறக்காமலே கட்டியின் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிக்கலாம். உடம்பின் உள்ளே இவ்வளவு வசதியான இடம் அதிகமில்லை.

இன்னொன்று, கட்டியின் உள்ளே நார். பல பித்தக்குழாய்க் கட்டிகளில் புற்றுச்செல்லைவிட அதைச் சுற்றிய நார்த்திசு கூடுதலாக இருக்கும். முற்றிப்போன பனங்கிழங்கைக் கடித்தவர்களுக்குப் புரியும். புற்றை அடிக்க வேண்டிய டி செல்கள் அந்த நாரின் ஓரத்தில் வந்து நின்றுவிடும், உள்ளே போகாது. மருந்துக்கும் அதே கதிதான்.

இன்று கையில் இருப்பது

அறுவைக்கு வாய்ப்பிருந்தால் அறுவைதான், அதில் பேச்சே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த வாய்ப்பு தப்பிய பிறகே நோய் தெரிகிறது. அவர்களுக்கு ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள். 410 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வந்தது: ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 8.1 மாதம், சிஸ்பிளாட்டினும் சேர்ந்தவர்களுக்கு 11.7 மாதம். 2022இல் அதோடு துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கூட்டினார்கள். இடைநிலை ஆயுள் 11.5இலிருந்து 12.8 மாதம் ஆனது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 24.9 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். நோயெதிர்ப்பு மருந்தின் குணமே அதுதான். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்காது, சிலருக்கு நிறையக் கொடுக்கும். அந்தச் சிலரைப் பலராக்குவது எப்படி என்பதில்தான் ஒளியும் வைரஸும் கதைக்குள் வருகின்றன.

பழைய வெளிச்சம், புதிய வெளிச்சம்

பித்தக்குழாய்க்கு வெளிச்சம் காட்டுவது புதிதில்லை. போட்டோஃப்ரின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, இரண்டு நாள் கழித்து 630 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் குழாய்க்குள் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட மருந்து பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜனை நச்சு வடிவத்துக்கு மாற்றும், செல் சாகும். 2003இல் ஜெர்மனியிலிருந்து 39 பேரை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. ஸ்டென்ட் மட்டும் போட்டவர்கள் 98 நாள், ஒளியும் பெற்றவர்கள் 493 நாள். ஊரே திரும்பிப் பார்க்கிற வித்தியாசம். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஸ்டென்ட் போட்டும் பித்தம் சரியாக வடியாதவர்கள். வெளிச்சம் புற்றைக் கொன்று ஆயுளைக் கூட்டியதா, அல்லது அடைப்பைத் திறந்து பித்தத்தை வடியவிட்டுக் கூட்டியதா என்ற சந்தேகம் அன்றைக்கே எழுந்தது.

2018இல் பிரிட்டனின் போட்டோஸ்டென்ட் சோதனை முடிவைச் சொன்னபோது பலருக்கு முகம் வாடியது. 92 பேர். ஸ்டென்ட் மட்டும் போட்டவர்கள் 9.8 மாதம், ஒளியும் சேர்ந்தவர்கள் 6.2 மாதம். கூட்டியது போய்க் குறைத்துவிட்டது! 2003ஐ மட்டும் காட்டி ஒளிச் சிகிச்சையைத் தூக்கிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், 2018ஐப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொரு சங்கடம் நம் ஊருக்கென்றே உள்ளது. போட்டோஃப்ரின் புற்றில் மட்டும் தங்காது, தோலிலும் தங்கும். குறைந்தது 30 நாள் வெயில் படக்கூடாது, பட்டால் வெந்துபோகும். சன்ஸ்கிரீன் தடவினாலும் பயனில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே இந்த மருந்தைத் தூண்டும். அதற்காக இருட்டறையில் அடைக்கவும் கூடாது. வீட்டுக்குள் மெல்லிய வெளிச்சம் பட்டால்தான் தோலில் தங்கிய மருந்து மெல்ல மெல்லக் கழியும். சித்திரையில், அக்னி நட்சத்திரத்தில், முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே பழகிய ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். ஆயுளின் கடைசி வருஷத்தில் ஒரு மாதத்தை அப்படி வாங்கிக்கொள்வதா?

புதிய வெளிச்சம் வேறு கணக்கு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசாதகா கோபயாஷி குழு 2011இல் முன்வைத்தது இது. புற்றுச்செல்லின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தில் ஐஆர்700 என்ற சாயத்தைக் கோத்துவிடுகிறார்கள். தாலோசயனின் குடும்பத்துச் சாயம், பெயின்ட் கடையில் நீலமாகக் கிடைப்பவற்றின் பங்காளி. ஆன்டிபாடி செல்லில் ஒட்டிய பிறகு 690 நானோமீட்டர் ஒளி பட்டால் சாயத்தின் ஒரு பகுதி உடைந்து விழுகிறது. அதுவரை தண்ணீரில் கரைந்து நின்ற சாயம் சட்டென்று தண்ணீரை வெறுக்கும் பொருளாகிச் சுருண்டுகொள்கிறது. அது சுருளும் இழுப்பில் செல்லின் உறை கிழிகிறது. தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் ஊதி வெடிக்கிறது. ஒட்டாத பக்கத்துச் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இந்த வெடிப்பில்தான் 'நோயெதிர்ப்பு' என்ற வார்த்தைக்கு வேலை வருகிறது. அமைதியாகச் சாகும் செல்லை உடம்பு கண்டுகொள்ளாமல் துடைத்துவிடும். வெடித்துச் சாகும் செல்லிலிருந்து உள்ளே இருந்தவை எல்லாம் வெளியே சிதறும். அபாயக் குறிகளும் புற்றின் அடையாளங்களும் ஒன்றாகச் சிதறும்போது நோயெதிர்ப்புச் செல்கள் ஓடி வரும், அடையாளத்தைப் படித்துக்கொள்ளும். வெளிச்சம் படாத இடத்துப் புற்றையும் அவை தேடிப் போகும் என்பது எதிர்பார்ப்பு.

ஜப்பான் 2020 செப்டம்பரில் இதைத் தலை, கழுத்துப் புற்றுக்கு அனுமதித்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தைப் பிடிக்கும் செடுக்ஸிமாப் ஆன்டிபாடியில் சாயம். பின்னால் இருப்பது ராகுட்டென் குழுமத்தின் மருந்து நிறுவனம். ஆன்லைன் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று நானும் யோசித்தேன். அதன் தலைவர் மிகிதானியின் அப்பா கணையப் புற்றில் இறந்தவர்; அப்பாவுக்காகத் தேடிப் போன இடத்தில் கண்டதில்தான் பணத்தைப் போட்டார். நாமும் தேடத்தான் செய்கிறோம், பையில்தான் வித்தியாசம்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் குறி வைப்பதில் புதியது எங்கோ மேலே. ஆனால் அந்தக் குறியே அதன் பலவீனமும். பித்தக்குழாய்ப் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். எல்லாச் செல்லிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஹெர்2 என்ற இன்னொரு மேலுறைப் புரதம் சிலருக்கு மட்டும்தான் மிகுந்திருக்கும். அடையாளம் இல்லாத செல்லில் ஆன்டிபாடி ஒட்டாது. ஒட்டாததை வெளிச்சம் தொடாது. வயலில் களை எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நெல்லோடு நெல்லாய் நிற்கும் புல்லைக் கதிர் வரும்வரை கண்டுபிடிக்க முடியாது, விட்ட புல்தான் அடுத்த பூவுக்கு விதையாகும்.

மாமா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பலம் போதும், விலாசம்தான் போதவில்லை.

வைரஸ் தனியாக நின்றால்

வெளிச்சத்தோடு சேர்க்கும் முன் வைரஸின் சொந்தச் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். புற்றுச்செல்லில் மட்டும் பெருகும்படி மரபணுவைத் திருத்திய வைரஸ்கள் மருந்தாக வந்துவிட்டன. 2005இல் சீனாவில் சளி தரும் அடினோவைரஸ் ஒன்று. 2015இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு டி-வெக், உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு மரபணுவை வெட்டி, நோயெதிர்ப்பைக் கூப்பிடும் ஒரு மரபணுவைச் செருகியது. 2021இல் ஜப்பானில் மூளைப் புற்றுக்கு இன்னொரு ஹெர்பிஸ். சறுக்கலும் உண்டு. கல்லீரல் புற்றுக்காக அம்மை இனத்து வாக்சினியா வைரஸை வைத்துப் பெரிதாக நடந்த சோதனையை, பலன் தெரியவில்லை என்று 2019இல் நிறுத்தினார்கள்.

தனியாக வைரஸ் தடுமாறும் இடம் அந்த நார்தான். கட்டிக்குள் ஊசி போட்ட இடத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரம் பரவும், நார்ச்சுவரில் முட்டி நின்றுவிடும். நரம்பில் ஏற்றினால், அடினோவைரஸ் சளியாக வந்து போன உடம்பு என்பதால் ரத்தத்திலேயே அதைப் பிடித்துவிடும்.

சேர்க்கும் வழிகள்

முதல் வழி, வைரஸைப் பெயின்டராக அனுப்புவது. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியிட்டார்கள். வயிற்றுச் சவ்வில் பரவிய புற்று, அதில் ஹெர்2 கிடையாது. ஹெர்2 புரதத்தின் வெளிப்பகுதிக்கான மரபணுவை அடினோவைரஸில் ஏற்றி அனுப்பினார்கள். செல்கள் இல்லாத ஹெர்2ஐத் தங்கள் மேலுறையில் தாங்களே செய்து நட்டுக்கொண்டன. பிறகு ஹெர்2ஐப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் ஆன்டிபாடியில் சாயம், அப்புறம் வெளிச்சம். எலிகளில் பலித்தது. மேலப்பாளையம் சந்தையில் ஆடு வாங்கினவர், கூட்டத்தில் கலந்துவிடாமல் இருக்க முதுகில் சாயத்தை இழுப்பாரே, அதே வேலை. இயற்கையில் அடையாளம் இல்லையென்றால் நாமே போட்டுக்கொள்வோம் என்பது எனக்குப் பிடித்த யோசனை. கவிதை மாதிரி இருக்கிறது.

கவிதையில் ஒரு பொத்தல். பெயின்ட் விழுவது வைரஸ் தொட்ட செல்லில்தான். அந்த வைரஸ் பெருகிக் கொல்லும் வகையாக இருந்தால், பெயின்ட் விழுந்த செல் இரண்டு மூன்று நாளில் எப்படியும் செத்திருக்கும். அதை வெளிச்சம் போட்டு முந்திக் கொல்வதில் என்ன லாபம்? நஷ்டம்கூட வரலாம். அந்தச் செல்தான் அடுத்த தலைமுறை வைரஸுக்குப் பட்டறை. பட்டறையை வெடித்தால் பரவல் நின்றுபோகும். வைரஸ் தொடாத செல்லுக்கு அப்போதும் அடையாளம் இல்லை. அதனால் பெயின்ட் வழிக்குப் பெருகாத வைரஸ்தான் பொருத்தம் என்பேன், பூசிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். கொல்வது முழுக்க வெளிச்சத்தின் பொறுப்பு. வெடித்துச் சாவதால் நோயெதிர்ப்புக்குக் கிடைக்கும் தூண்டல் இதில் உண்மையான லாபம், மறுக்கவில்லை. ஆனால் பெருகாத வைரஸ் நார்க்கட்டிக்குள் எத்தனை செல்லைத் தொட்டுவிடும்? பழைய முட்டுச்சந்துக்கே திரும்பி வருகிறோம்.

இரண்டாவது வழி, வைரஸையே சாயப் பட்டறையாக்குவது. கில்லர்ரெட் என்று ஒரு புரதம் உண்டு, சொறிமீன் இனத்து உயிரியின் நிறப்புரதத்தைத் திருத்திச் செய்தது. வெளிச்சம் பட்டால் ஆக்ஸிஜனை நச்சாக்கும். உவரிக் கடலில் கால்பட்டு அரிப்பெடுத்தவர்கள் சொறிமீனை மருந்தென்று நம்புவது கஷ்டம்தான். இதன் மரபணுவை, டெலோமரேஸ் என்ற நொதி முழித்திருக்கும் செல்லில் மட்டும் பெருகும் அடினோவைரஸில் அதே ஒகயாமா குழுவினர் செருகினார்கள். புற்றுகளில் பெரும்பாலானவற்றில் அந்த நொதி முழித்திருக்கும், நல்ல செல் பெரும்பாலானவற்றில் தூங்கும். வைரஸ் பெருகப் பெருக, வெளிச்சத்தை வாங்கி வேலை செய்யும் ஒளியேற்பியும் புற்றுக்குள்ளேயே தயாராகும். வெளியிலிருந்து சாயம் ஏற்ற வேண்டாம், ஆன்டிபாடி வேண்டாம். வெயிலுக்குப் பயந்து ஒரு மாதம் வீட்டில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறதே என்று முதலில் எனக்கும் ஆசை வந்தது.

அந்த ஆசையில் தண்ணீர் ஊற்றியது ஒளியின் நிறம். கில்லர்ரெட்டைத் தூண்டுவது 585 நானோமீட்டர் பக்கத்து மஞ்சள் ஒளி. ரத்தம் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும். பிறவியிலேயே முகத்தில் வரும் ரத்தநாளச் செம்மச்சத்தை அழிக்கத் தோல் மருத்துவர்கள் இதே நிற லேசரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, ரத்தம் ஓடும் திசுவில் அது ஆழம் போகாது. 690 நானோமீட்டர் சிவப்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் வரை போகும். பித்தநீரும் நீல ஒளியைத் தின்னும், சிவப்பை விட்டுவிடும். குழாய்க்குள் நின்று சுவரின் ஆழத்துக்கு ஒளி அனுப்ப வேண்டிய நோயில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. முதல் வழியில் சொன்ன பொத்தலும் இங்கே அப்படியே இருக்கிறது: பட்டறையும் இலக்கும் ஒரே செல்.

மூன்றாவது வழி, ஆளுக்கொரு வேலை. வெளிச்சம் தன் ஆன்டிபாடி காட்டும் செல்லைக் கொல்லட்டும். வைரஸ் அதே கட்டிக்குள் வேறு வேலைக்கு வரட்டும்: அடையாளம் இல்லாமல் தப்பிய செல்லில் பெருகட்டும், அபாய மணி அடித்து டி செல்களைக் கூப்பிடட்டும். இதில் எது முதலில் என்பதுதான் சுவாரசியம்.

எல்லோரும் வைரஸ் முதலில் என்றுதான் நினைப்போம். எலிகளில் செய்த ஒரு பழைய சோதனை என்னை மறுபக்கம் தள்ளியது. ஆன்டிபாடி ரத்தநாளம் வழியாகத்தானே வருகிறது? நாளத்தை ஒட்டிய புற்றுச்செல்லில்தான் முதலில், அதிகமாக ஒட்டும். வெளிச்சம் பட்டதும் நாளத்தைச் சுற்றிய அந்த அடுக்கு காலியாகிவிடும். நாளத்துக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி விழும், நாளம் கசியத் தொடங்கும். அந்த நேரத்தில் நானோ அளவுத் துகள்களை ரத்தத்தில் விட்டால் அவை கட்டிக்குள் 24 மடங்கு வரை கூடுதலாகச் சேர்ந்தன. அடினோவைரஸ் சுமார் 90 நானோமீட்டர். அதுவும் துகள்தான். மடை திறந்துவிட்ட பிறகு கால்வாயில் ஓலையை விடுவதற்கும், அடைத்த மடையில் ஓலையை வைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வெளிச்சம் முதலில் என்றால் இன்னொரு வசதியும் சேர்கிறது. வைரஸ் வரும்போது புற்றின் அடையாளங்கள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து வைரஸ் அபாய மணி அடித்தால், ஓடி வரும் செல்கள் வைரஸை மட்டும் படிக்காமல் புற்றையும் சேர்த்துப் படிக்கும். வைரஸ் முதலில் வந்தால், உடம்பு முழுக் கோபத்தையும் வைரஸ் மேலேயே காட்டிவிடுகிற ஆபத்து உண்டு.

நாலாவது, நான் கடைசியில் வைத்திருந்தாலும் மனசுக்குள் கொஞ்சம் கண் வைத்திருப்பது: தட்டப்பயறு வைரஸ். நம் மானாவாரிக் காட்டில் விதைக்கிற தட்டப்பயறு இலையில் தேமல் விழச் செய்யும் இனத்து வைரஸ்தான். கலிபோர்னியாவில் நிக்கோல் ஸ்டைன்மெட்ஸ் குழு இதைக் கட்டிக்குள் ஊசி போட்டுப் பார்த்தது. மனிதச் செல்லில் இது பெருகவே பெருகாது. ஆனால் நோயெதிர்ப்புச் செல்கள் இதைக் கண்டதும் கொதித்துப்போகின்றன. எலியில் மட்டுமல்ல, தானாகப் புற்று வந்த நாய்களிலும் சோதித்திருக்கிறார்கள். புகையிலைத் தேமல் வைரஸின் குழல் உடம்புக்குள் ஒளியேற்பி மருந்தை அடைத்து அனுப்பும் வேலையையும் அதே குழு செய்தது. கொல்லத் தெரியாத வைரஸ், மணி மட்டும் அடிக்கும். அபாயமும் அந்த அளவுக்குக் குறைவு.

ஹெர்பிஸா, அடினோவா, பயறா?

பித்தக்குழாய்க்கு எந்த வைரஸ் என்பதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. பித்த உப்பு சோப்பு போல வேலை செய்வது. கொரோனா காலத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவினோமே, கொழுப்புறை உள்ள வைரஸை சோப்பு கரைத்துவிடும் என்பதால்தானே? ஹெர்பிஸுக்கும் வாக்சினியாவுக்கும் அந்த உறை உண்டு. அடினோவைரஸுக்கும் தட்டப்பயறு வைரஸுக்கும் கிடையாது. கட்டிக்குள் ஊசியாகப் போட்டால் பித்தம் அவ்வளவாகத் தொடாது, ஆனாலும் குழாய்க்குள் கசிவதில் உறையில்லாததுதான் தாங்கும்.

மறுபக்கம் ஹெர்பிஸுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. எல்லை மீறினால் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் ஏசைக்ளோவிர் அதை அடக்கும். அடினோவைரஸுக்கு அவ்வளவு நம்பகமான மாற்று மருந்து இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் குழாயில் சீழ் பிடித்துக் குளிர்காய்ச்சல் வருவது அடிக்கடி நடப்பது; மாமாவுக்கு மட்டும் மூன்று தடவை. அப்படித் தளர்ந்த உடம்பில் பெருகும் வைரஸை விடும்போது கடிவாளம் வேண்டும் என்று டாக்டர் கேட்டால் அது நியாயமே.

அப்புறம் ஐஸ் பெட்டி. டி-வெக் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். மே மாதம் மின்சாரம் கண்ணாமூச்சி ஆடும் ஊரில் அந்தப் பெட்டியை யார் காவல் காப்பது? செடி வைரஸ்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். வயலில் வெயிலைப் பார்த்து வளர்ந்தவை.

என் ஓட்டு

தராசில் வைத்தால் என் கை மூன்றாவது வழியில்தான் இறங்குகிறது, அதுவும் வெளிச்சம் முதலில் என்ற வரிசையில். வெளிச்சத்தால் முடியாததை வைரஸ் செய்கிறது, வைரஸால் முடியாததை வெளிச்சம் செய்கிறது, ஒன்று மற்றதன் வேலையைக் கெடுப்பதில்லை. உடம்பு மிகத் தளர்ந்தவர்களுக்கு அதே வரிசையில் பெருகும் வைரஸுக்குப் பதில் தட்டப்பயறு வைரஸைப் போடலாமா என்று யாராவது சோதித்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். பெயின்ட் வழி இரண்டாவது. அடையாளமே இல்லாத கட்டி என்றால் அதற்கு மாற்று இல்லை. கில்லர்ரெட் 690 பக்கம் வேலை செய்யும் தம்பியைப் பெற்றெடுக்கும்வரை காத்திருக்கட்டும்.

இதில் எனக்கே ஓர் உறுத்தல் இருக்கிறது. அந்த 24 மடங்கு எலிக்கட்டியில் கிடைத்த கணக்கு. எலியில் வளர்க்கும் கட்டி பெரும்பாலும் சில வாரத்தில் வளர்ந்த இளசு, மாமாவுடையது வருஷக்கணக்கில் முற்றிய பனங்கிழங்கு. மேலும் உலோக வலை ஸ்டென்ட் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதன் கம்பிகள் ஒளிக்கு நிழல் போடும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் பரவாயில்லை, எடுத்து மாற்றலாம்.

சரி, இதெல்லாம் இன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ மதுரையிலோ கேட்டு வாங்கும் சிகிச்சை அல்ல. இன்றைக்கு வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால் கேட்க வேண்டியது வேறு. மாமாவுக்கு முதலில் பார்த்த இடத்தில் குழாயைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கொஞ்சம் செல் எடுத்தார்கள். புற்று என்று உறுதி செய்வதற்கே அது தீர்ந்துபோனது. மூன்று மாதம் கழித்து வேறொரு டாக்டர், "மரபணு சோதனை பார்க்கலாமே, சாம்பிள் இருக்கா?" என்று கேட்டபோது இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.எச்.1, ஹெர்2 ஆகிய மரபணுக்களில் மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரையோ ஊசியோ உலகத்தில் இருக்கிறது. மாமாவுக்கு இருந்ததா என்பது தெரியாமலே போய்விட்டது. மறுபடி எண்டோஸ்கோப் இறக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருக்கா போதும்டே" என்றார்.

முதல் ஈ.ஆர்.சி.பி.க்குக் கையெழுத்துப் போடும்போதே, திசு எவ்வளவு எடுப்பீர்கள், மரபணு சோதனைக்கு மீதி வைப்பீர்களா, உலோக ஸ்டென்ட்டா பிளாஸ்டிக்கா என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் அவசரத்தில் இருந்தால் நர்சம்மாவிடமாவது கேளுங்கள். அந்தப் படிவத்தில் அதற்கென்று கட்டம் கிடையாது.